விமானப் பணியாளரின் நாட்படி: சம்பளமா, செலவுப் பணமா?

வவுனியா – மன்னார் வீதியில் பூவரசங்குளத்தைக் கடந்து செல்லும் லொறிச் சாரதிக்குக் கூலியுடன் சாப்பாட்டுக் காசு என்று ஒரு தொகையும் கொடுக்கப்படுவதுண்டு. அவர் கடையில் உண்டாலும் வீட்டிலிருந்து சோற்றுப் பொதி கொண்டு சென்றாலும் அத்தொகை குறைவதில்லை. விமானப் பணியாளர்களுக்கு வழங்கப்படும் நாட்படியும் இவ்வகையினதே. ஆயினும் அது அவர்களின் மாத வருமானத்தில் கணிசமான பங்காக அமைந்துவிடுவதால், அதனைச் சம்பளமாகக் கொள்வதா, செலவுப் பணமாகக் கொள்வதா என்ற கேள்வி நீதிமன்றங்கள் வரை சென்றுள்ளது. இத்தொழிலை நாடும் நம் பிள்ளைகள் அக்கேள்வியை அறிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டில் இரவு தங்க நேரும்போது ஹோட்டல் அறையையும், விமான நிலையத்திலிருந்து அங்கு செல்வதற்கான வாகனத்தையும் நிறுவனமே ஏற்பாடு செய்கின்றது. நாட்படி உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் உரியது. சில நிறுவனங்கள் தளத்தை விட்டு நீங்கியிருக்கும் மணித்தியாலங்களை எண்ணி இதனைக் கொடுக்கின்றன. வேறு சில, தங்கும் நேரத்துக்குள் எத்தனை வேளை உணவு அடங்குகின்றது எனக் கணித்து, அந்நகரின் விலைவாசிக்கேற்பக் கொடுக்கின்றன. எனவே லண்டனுக்குரிய படி வேறு, சென்னைக்குரிய படி வேறு. காலையில் சென்னை சென்று அன்றே கொழும்பு திரும்புபவருக்குக் கிடைப்பது சொற்பம். நீண்ட பயணம் சென்று இரு இரவுகள் தங்கி வருபவருக்குக் கிடைப்பது அதிகம். இருவரதும் அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருந்தாலும் மாத முடிவில் கைக்கு வரும் தொகை ஒன்றாக இராது. பணிப்பட்டியல் வெளியாகும் நாளில் பணியாளர் அதனை அத்தனை ஆவலுடன் பார்ப்பதன் காரணம் இதுவே.

தளம் என்பது பணியாளரின் வீடு அன்று. கட்டுநாயக்கவைத் தளமாகக் கொண்டவரின் ஊர் பூவரசங்குளமாயின், இருநூறு கிலோமீற்றருக்கும் அதிகமான அப்பயணத்துக்கோ, நீர்கொழும்பில் அவர் எடுக்கும் வாடகை அறைக்கோ நாட்படி கிடையாது.

பொதுவாக இதற்குப் பற்றுச்சீட்டு கேட்கப்படுவதில்லை. பயணப் பெட்டியில் சிறிய சோற்றுப்பானையும் பருப்பும் கொண்டு சென்று படியை மிச்சம் பிடிப்போர் உலகெங்கும் உள்ளனர். அதில் தவறேதும் இல்லை. ஆனால், மிச்சமாகும் பணம் வருமானம் அல்லவா என்று வரி அதிகாரி கேட்கும் இடமும் அதுவே.

இதற்குத் தெளிவான உதாரணம் பிரிட்டிஷ் ஏர்வேய்ஸ் விமானிகளின் வழக்காகும். அவர்களுக்கு நிலையான ஆண்டுச் சம்பளத்துக்கு மேலாக, பறக்கும் மணித்தியாலம் ஒன்றுக்கு 10 பவுணும், தளத்தை நீங்கியிருக்கும் மணித்தியாலம் ஒன்றுக்கு 2.73 பவுணும் வழங்கப்பட்டன. இரண்டாவது தொகையில் 82 வீதம் செலவாகவும் 18 வீதம் மட்டுமே வரிக்குரிய ஊதியமாகவும் கொள்ளப்பட்டது. 48 மணித்தியாலம் வெளியில் இருந்தவர் பெற்ற 131 பவுணில் ஏறத்தாழ 24 பவுணுக்கே வரி. விமானிகளுக்கு இது இலாபமே. ஆனால் வருடாந்த விடுமுறைக் காலத்தில் நிறுவனம் நிலையான சம்பளத்தை மாத்திரம் கொடுத்தபோது அவர்கள் வழக்குத் தொடுத்தனர். பணியோடு உள்ளார்ந்த தொடர்புடைய கொடுப்பனவுகள் விடுமுறைச் சம்பளத்திலும் சேர வேண்டும், செலவை ஈடுசெய்வதற்கென்றே கொடுக்கப்படுபவை சேரத் தேவையில்லை என 2011 செப்டெம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, வரிக்காகச் செலவு என்று சொல்லப்பட்டது விடுமுறைக்காகவும் செலவாகவே கணிக்கப்படலாம்.

இலங்கையிலும் பெயரைப் பொறுத்தே பயன் அமைகின்றது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டத்தில் உணவுப்படி சம்பாத்தியத்துள் அடங்கும்; பயணச் செலவுக்கான மீளளிப்பு அடங்காது. ஒரு கணக்குக்காக, அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா, படி 90,000 ரூபா எனக் கொள்வோம். படி சேராவிடின் நிதிக்குச் செல்வது மாதம் 12,000 ரூபா. சேருமாயின் 30,000 ரூபா. இருபது வருடச் சேவையில் இவ்வேறுபாடு ஒரு வீட்டின் பெறுமதிக்குச் சமமாகலாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்கவுக்கான பயணிகள் விமான வருகை நிறுத்தப்பட்டபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. பறப்பு இல்லையேல் படி இல்லை. மாத வருமானம் முழுவதையும் நம்பி வங்கிக் கடன் பெறுபவர், இத்தகைய காலத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே தவணையைக் கட்ட வேண்டும்.

டுபாய், அபுதாபி விமான நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்குச் செல்வோரும் இதனைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, சேவை முடிவுப் பணிக்கொடை முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாட்சம்பளமாகவும், அதன்பின் 30 நாட்சம்பளமாகவும் கணிக்கப்படுகின்றது. அக்கணக்கில் கொள்ளப்படுவது அடிப்படைச் சம்பளம் மாத்திரமே. பறப்புப் படியோ உணவுப் படியோ அதில் சேராது. முகவர் கூறும் மொத்தத் தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.