தமிழ் தெரிந்த தரவுத்தளத்துக்கு ஆள் எங்கே?

திறந்த மூல மென்பொருளை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று உரிமம் சொல்கிறது. திருத்த வருகிறவர் யார் என்பதை உரிமம் சொல்வதில்லை. அந்த ஆளை எங்கே தேடுவது என்பதுதான் இந்த வாரக் கேள்வி. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் செய்யும் ஒருவர் தன் சரக்குப் பட்டியலைத் தமிழிலேயே கணினியில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியில் 'அகல் விளக்குகள்', இன்னொன்றில் 'விளக்குகளுக்கு வண்ணம்', வேறொன்றில் 'விளக்கின் அடிப்பாகம்'. 'விளக்கு' என்று தேடினால் மூன்றுமே வரவேண்டும். ஆனால் பன்மை விகுதியையும் வேற்றுமை உருபையும் கழித்துப் பார்க்கத் தெரியாத தரவுத்தளத்துக்கு இவை மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள். உலகமெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இந்தக் கழித்தலைத் தமிழுக்குச் செய்யத் தொடங்கியது 2019 அக்டோபரில் வெளியான 12ஆம் பதிப்பில்தான். நேபாளியும் அரபும் அதே பதிப்பில் சேர்ந்தன. இந்திக்கு 2021இன் 14ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழ் அங்கே போய்ச் சேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. அந்த வேலை போஸ்ட்கிரெஸ் குழுவுக்குள் நடக்கவில்லை. சொற்களின் விகுதிகளை வெட்டுவதற்கென்றே மார்ட்டின் போர்ட்டர் என்ற ஆங்கிலேய அறிஞர் உருவாக்கிய ஸ்னோபால் என்னும் சின்னஞ்சிறு நிரல்மொழி இருக்கிறது. தமிழ் விகுதிகளின் விதிகளை ஒரு தன்னார்வலர் அதில் எழுதிக் கொடுத்தார். அந்த விதிகளிலிருந்து சி மொழி நிரல் தானாகவே உருவாகிறது. அதைத்தான் போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்கிறது. தரவுத்தளம் வட்டில் எப்படி எழுதுகிறது, பூட்டுகளை எப்படிக் கையாளுகிறது என்றெல்லாம் விதி எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'தமிழும் தெரிந்த தரவுத்தள வல்லுநர் தேவை' என்று கேட்டால் ஆள் கிடைப்பது அரிது. 'தமிழ் இலக்கணம் தெரிந்து, சிறு நிரல்மொழி ஒன்றைக் கற்கத் தயாராக இருப்பவர் தேவை' என்றால் கிடைப்பார்கள். வேலையைப் பிரித்துக் கேட்காமல் ஆள் இல்லை என்று வருந்துவது நியாயமில்லை.

பணம் கொடுத்து ஒரு நிறுவனத்திடம் செய்து வாங்கிவிடலாமே என்பார்கள். முதல் முறை செய்து வாங்கலாம். ஆனால் போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியிடுகிறது; ஒவ்வொரு முறையும் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தரவுத்தளத்துக்குள்ளேயே நிரல் எழுத உதவும் மொழிகளைப் பாருங்கள். பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல், டிசிஎல், பெர்ல், பைதான் ஆகிய நான்கும் அதனுடனேயே வருகின்றன. ஜாவா, ஆர் போன்றவற்றுக்கான இணைப்புகளை வெளியே வேறு சிலர் பராமரிக்கிறார்கள். புதுப்பதிப்பு வரும்போதெல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்துத் திருத்தும் சுமை அவர்களுடையது. உள்ளே இருப்பதற்கும் ஓய்வில்லை: பைதான் 2க்கான ஆதரவு 2022இல் 15ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது. காசு கொடுத்து எழுதி வாங்கித் தனியே வைத்துக்கொண்ட நிரலுக்கு ஆண்டுதோறும் காசு கொடுக்க வேண்டும். மூலத்திலேயே சேர்த்துவிட்டால், அதைப் பராமரிப்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சிறு தொழில்கள் நிறைந்த ஓர் ஊருக்கு இந்த இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும்.

இந்தத் தமிழ் வெட்டல் செம்மையாக இல்லையே என்ற குறை நியாயமானது. நம் சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து உருமாறுபவை. 'மரம்' 'மரத்தில்' ஆகும்போது வெறும் விகுதியை வெட்டினால் போதாது, 'அத்து'ச் சாரியையையும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியவர்கள் பெர்க்லியிலோ லண்டனிலோ இல்லை, தமிழ் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஸ்னோபாலில் சொல்லையும் அதன் வெட்டிய வடிவையும் வரிசையாக அடுக்கிய சோதனைப் பட்டியல்கள் உண்டு. தவறு எங்கே என்று பட்டியலிட்டுக் காட்டுவதே பாதி உதவி.

இன்னும் எளிய வேலையும் மிச்சமிருக்கிறது. 'ஒரு', 'இந்த', 'மற்றும்' போல எங்கும் வந்து தேடலுக்கு உதவாத சொற்களை ஒதுக்கும் பட்டியல் ஆங்கிலத்துக்கும் நேபாளிக்கும் போஸ்ட்கிரெஸுடன் வருகிறது, தமிழுக்கு வருவதில்லை. வரிக்கு ஒரு சொல்லாக எழுதிய சாதாரண உரைக்கோப்புதான் அது. விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியின் தமிழ் மாணவர்களும் கணினி மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் முடித்துவிடலாம். ஆசிரியர்களே, இந்தப் பருவத்தின் செயல்திட்டமாக இதைக் கொடுங்கள்.