தட்டானும் மழைக்குட்டையும்

மழைக்காலத்தில் வயல்வெளியிலும் களத்துமேட்டிலும் பொன்னிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாய்ப் பறப்பதைக் குடியானவர் அனைவரும் கண்டிருப்பர். தட்டான் தாழப் பறந்தால் மழை வருமென்பது முன்னோர் வாக்கு. தட்டான்களில் பல இனங்கள் உண்டு. இவ்வாறு திரளாய் வருவது பெரும்பாலும் பண்டாலா பிளாவெசென்ஸ் என்று சாஸ்திரிகள் வழங்கும் இனமாகும். இதன் உடல் ஏறக்குறைய 2 அங்குல நீளமும், விரித்த இறக்கைகள் 3 அங்குல அகலமும் உள்ளவை.

இப்பூச்சி ஐரோப்பாவில் அபூர்வம், அண்டார்க்டிகாவில் இல்லை, மற்றெல்லாக் கண்டங்களிலும் உண்டு. இமயமலையில் 6,200 மீட்டர் உயரத்திலும் காணப்பட்டிருக்கிறது. பின்னிறக்கைகள் அடியில் அகன்றிருப்பதால், அதிகம் இறக்கையடிக்காமலே காற்றில் மிதந்து நெடுந்தூரஞ் செல்லும். ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றனவென்று சார்லஸ் ஆண்டர்சன் என்பவர் 2009-ம் வருஷத்தில் எழுதினார். போய்த் திரும்பும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாமென்றும், அது நான்கு தலைமுறைகளில் நிறைவேறுவதென்றும் அவர் கணித்தார்.

இப்பிரயாணத்திற்குக் காரணம் மழையே. புதுமழையால் தேங்கிய குட்டைகளில் மீன்கள் குறைவாதலால் இவை அங்கே முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் புழு, மடித்து வைத்த கைபோன்ற தன் கீழுதட்டைச் சடுதியில் நீட்டிக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். இறக்கை முளைத்தபின் பறக்கும் கொசுக்களும் சிறு பூச்சிகளும் இதற்கு இரையாகும்.

இங்கு அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. உஷ்ணகாலத்தில் கொசு ஏழு முதல் பத்து நாட்களுக்குள் வளர்ந்து பறந்துவிடும். இத்தட்டானுக்கோ ஐந்து வாரங்களுக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே வீட்டருகே சில நாட்கள் மட்டும் நிற்கும் சாக்கடைத் தேக்கத்திலும் உடைந்த பானையிலும் கொசு மட்டுமே பிழைக்கும். அவற்றைத் தூர்ப்பதும் வாரந்தோறும் கவிழ்ப்பதும் அவசியம். தட்டானை நம்பி வாளாவிருத்தல் தகாது. மாறாக, மாதக்கணக்கில் ஜலம் நிற்கும் வயலிலும் ஊருக்குப் புறம்பான குட்டையிலும் தேவையின்றி விஷமருந்து தெளித்தால் தட்டான் புழுவும் மாண்டுபோம்; கொசுவோ விரைவில் மீண்டும் பெருகும்.

எந்தக் குட்டையைத் தூர்ப்பது, எதனை விட்டுவைப்பது என்பதைச் சங்கத்தார் மழைக்கு முன்னரே கூடி நிச்சயித்தல் நலம். தட்டானின் வாலில் நூல்கட்டி விளையாடும் சிறுவர்களுக்கும், அது குடியானவனின் கூலி வாங்காத வேலையாள் என்பதை எடுத்துரைத்தல் வேண்டும்.