சர்வர் யார் கையில்?

1999 நவம்பரில் சியாட்டில் நகரில், உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் பெரிய பத்திரிகைகளை நம்பாமல் 'இண்டிமீடியா' இணையதளத்தைத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் செய்தி, படம் போடலாம்; எடிட்டர் அனுமதி வேண்டாம். சில வருஷத்திலேயே பல நாடுகளில் நூற்றுக்கும் மேல் கிளைகள்!

பிறகு ஏன் சரிந்தது? 2004-ல் லண்டனில் இருந்த அவர்களுடைய சர்வரையே கைப்பற்றினார்கள். அதையும் தாங்கியது. ஆனால் பேஸ்புக் வந்ததும் படம் போடுவது சுலபமாச்சு. ஆட்கள் அங்கே போய்விட்டார்கள். சர்வருக்குப் பணம் கட்டவும், குப்பைப் பதிவுகளைத் தினம் பொறுக்கி எறியவும் நாலு பேர்தான் மிச்சம்.

சொந்த சர்வரில் ஒரு வசதி, துரத்தினால் இன்னொரு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஏதென்ஸ் கிளை அங்குள்ள பாலிடெக்னிக்கில் இயங்கியது (பெயர்தான் பாலிடெக்னிக், உள்ளே பல்கலைக்கழகம்!). 2013-ல் நிர்வாகம் இணைப்பைத் துண்டித்தது. தளம் வேறு வழியில் திரும்ப வந்துவிட்டது.