முரட்டு வண்டியின் மீது மாறாத பற்று

பழைய லேண்ட் ரோவர் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, மழை பெய்தால் கதவிடுக்கு வழியே நீர் ஒழுகும், நெடுஞ்சாலையில் சற்று வேகமெடுத்தாலே எஞ்சின் இரைச்சலில் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு காதில் விழாது. இத்தனை குறைகள் இருந்தும், அரை நூற்றாண்டைக் கடந்த இவ்வண்டிகளை விற்க மனம் வராமல், வருமானத்தின் ஒரு பங்கையும் விடுமுறை நாள்களையும் அவற்றுக்கே செலவிடும் உரிமையாளர்கள் உலகின் பல நாடுகளில் உள்ளனர். இந்தப் பற்றைப் பழமை மோகம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட இயலாது. வண்டியின் இயந்திர அமைப்புக்கும் மனித மனத்தின் இயல்புக்கும் உள்ள பொருத்தத்திலிருந்தே அது பிறக்கிறது.

பற்றாக்குறை தந்த வடிவம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரான மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியின் ஆங்கில்சி தீவிலிருந்த தம் பண்ணையில் இராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் போன்ற உழவர் வண்டியொன்றைத் தம் நிறுவனமே செய்தால் என்ன என்ற எண்ணம் 1947இல் அவருக்குத் தோன்றியது. எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் 'பிர்மாபிரைட்' என்னும் அலுமினியக் கலவைத் தகடுகளால் உடற்பகுதி அமைக்கப்பட்டது; விலையுயர்ந்த வார்ப்பச்சுகளைத் தவிர்ப்பதற்காகத் தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே விடப்பட்டன. 80 அங்குலச் சக்கர இடைவெளியும் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட அவ்வண்டி 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அந்த வடிவம் 'சீரீஸ்' என்ற பெயரில் 1985 வரையும், அதன் வழிவந்த 'டிஃபெண்டர்' 2016 ஜனவரி 29 வரையும் உற்பத்தி செய்யப்பட்டு, மொத்த எண்ணிக்கை 20 இலட்சத்தைத் தாண்டியது.

பஞ்சம் கட்டாயப்படுத்திய எளிமையே பின்னாளில் இவ்வண்டியின் பெருஞ்செல்வமாயிற்று. மட்கார்டு நசுங்கினால் போல்ட்டுகளைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம். பானெட்டைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஓர் உறுப்பு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரமாக அது அமைந்துவிட்டது.

மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும்

சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. நான்கு சக்கர இயக்கத்தில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள 'டிரான்ஸ்ஃபர் பாக்ஸ்' என்ற மற்றொரு பற்சக்கரப் பெட்டி அவ்விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பகிர்ந்தளிக்கிறது. இரண்டாம் சீரீஸ் வண்டிகளில் இதற்கென மஞ்சள் குமிழ் கொண்ட நெம்புகோலும் சிவப்புக் குமிழ் கொண்ட நெம்புகோலும் உண்டு. மஞ்சளை அழுத்தினால் முன் சக்கரங்களும் இயங்கத் தொடங்கும். வண்டியை நிறுத்திச் சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் 'லோ ரேஞ்ச்' எனப்படும் தாழ்வேகப் பற்சக்கரத் தொகுதி சேர்ந்துகொள்ளும். அந்நிலையில் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 40 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறையும் அதே விகிதத்தில் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் ஆற்றல், பெருகுவதால் சிறிய எஞ்சினும் செங்குத்தான மலைப்பாதையில் திணறாமல் ஏறுகிறது. அழுத்திய மஞ்சள் குமிழை வெறுமனே இழுத்து விடுவிக்க முடியாது என்பது இவ்வண்டியின் தனிக்குணம். வண்டியை நிறுத்தி, சிவப்பு நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ளினால்தான் அது தானாக மேலெழும்பும்.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையைக் கடக்கின்றன. இந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் நடு டிஃபரென்ஷியல் இவ்வண்டியில் இல்லாததால், காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கரங்களையும் இணைத்தே ஓட்டினால் அச்சுகளில் இறுக்கம் ஏறிப் பற்கள் தேய்ந்துபோகும். சேற்றிலோ சரளையிலோ சக்கரம் சற்று வழுக்கி அவ்விறுக்கத்தைத் தளர்த்திவிடும். எனவே எந்தத் தரையில் எந்தக் குமிழைத் தொடுவது என்பதை ஓட்டுநரே முடிவு செய்ய வேண்டும்.

தொடக்கக் கால வண்டிகளின் முதல் இரண்டு கியர்களில் 'சிங்க்ரோமெஷ்' இல்லை. சுழலும் பற்களின் வேகங்களை உராய்வினால் சமப்படுத்தும் இந்த உறுப்பு இல்லாத இடத்தில் அந்த வேலை ஓட்டுநரின் காலுக்கு வந்து சேர்கிறது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, எஞ்சின் ஒலி உயர்ந்ததும் மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுவதே 'டபுள் கிளட்ச்' எனப்படும் முறை. கணக்குத் தப்பினால் பற்கள் கரகரத்து உடனே தவற்றை உணர்த்தும், சரியாக அமைந்தால் நெம்புகோல் ஓசையின்றி உள்ளே விழும்.

மனம் எப்படிப் பற்றிக்கொள்கிறது?

இவ்வாறு கற்ற கருவி உடலின் பகுதியாகவே ஆகிவிடுகிறது என்பதற்கு மூளை ஆய்வில் சான்று உண்டு. ஜப்பானிய அறிவியலாளர் அட்சுஷி இரிகியும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், உணவை இழுத்தெடுக்கச் சிறு வாரியைப் பயன்படுத்தப் பழகிய குரங்குகளின் மூளையில், கையைச் சுற்றியுள்ள வெளியை உணரும் நரம்பணுக்கள் வாரியின் நீளத்தையும் சேர்த்து உணரத் தொடங்கின என்று கண்டனர். குரங்கின் வாரிக்கும் மனிதரின் வண்டிக்கும் தொலைவு உண்டென்றாலும், ஒவ்வொரு கல்லின் அதிர்வையும் கைக்குக் கடத்தும் ஸ்டீயரிங்கைப் பல ஆண்டுகள் பிடித்தவர், சக்கரம் தொடும் தரையைத் தம் உள்ளங்கையிலேயே அறிவதாகச் சொல்வது இதனால் ஓரளவு விளங்குகிறது.

மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோகன், டான் ஆரியலி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, தம் கையால் செய்து முடித்த பொருளுக்கு மனிதர் கூடுதல் மதிப்புத் தருகின்றனர் என்பதையும், வேலை அரைகுறையாக நின்றுவிட்டால் அந்தக் கூடுதல் மதிப்பு மறைந்துவிடுகிறது என்பதையும் காட்டியது. பழுதை நீக்கி முடிக்க இயலும் வண்டியே பாசத்தை வளர்க்கும்; உறையைக்கூடத் திறக்கவிடாத வண்டி எரிச்சலையே மிச்சம் வைக்கும்.

இவற்றுள் வியப்பூட்டுவது ஆடம் வேய்ட்ஸ், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2010இல் வெளியிட்ட முடிவாகும். கணினி வைத்திருப்போரிடம் வினவியபோது, யாருடைய கணினி அடிக்கடி கோளாறுகளைக் காட்டியதோ அவர்களே அதற்குச் சொந்த மனமும் விருப்பமும் இருப்பதாக அதிகம் கருதினர். முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒன்றைப் புரிந்துகொள்ள மனித மூளை அதற்கு ஓர் உள்ளத்தைக் கற்பித்துக்கொள்கிறது. அதே ஆண்டில் ஜெஸ்ஸி சாண்ட்லரும் நோர்பர்ட் ஷ்வார்ஸும், காரை உயிருள்ளதாக எண்ணிப் பார்த்தவர்கள் அதை மாற்றத் தயங்கினர் என்றும், மாற்றுவதா என்று முடிவெடுக்கையில் அதன் தரத்துக்குக் குறைந்த முக்கியத்துவமே தந்தனர் என்றும் கண்டறிந்தனர். கோளாறு மனத்தைக் கற்பிக்கிறது, கற்பித்த மனம் பிரிவைத் தடுக்கிறது. இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், குறைகளே பற்றை வளர்க்கும் விந்தை தெளிவாகிறது.

பற்றும் பொறுப்பும்

இப்பற்றின் நடைமுறைப் பயனை மேற்கு வங்கத்தில் காணலாம். டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சாங் ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயரச் சந்தக்ஃபூ சிகரத்துக்குச் செல்லும் செங்குத்தான பாதையில், தேயிலைத் தோட்டக் காலத்தில் வந்து சேர்ந்த லேண்ட் ரோவர்கள் தலைமுறைகளைக் கடந்தும் பயணிகளை ஏற்றிச் சென்றுள்ளன. அவற்றைத் தாங்கி நிறுத்தியது உள்ளூர்க் கைத்திறனும், ஓர் உறுப்பை மற்றொன்றால் ஈடுசெய்ய இடந்தரும் அமைப்பும் ஆகும்.

எனினும் பாசம் கண்ணை மறைக்கலாகாது. அலுமினியத் தகடு எஃகுச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் இரு உலோகங்களுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது; போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் உப்பி, அடியில் வெண்பொடி உதிர்வது அதன் அடையாளம். குழல் வடிவச் சேஸி உள்ளிருந்தே துருப்பிடிப்பதால் வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் சட்டமும் ஏமாற்றக்கூடும். காற்றுப்பையோ, மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதியோ இல்லாத இவ்வண்டி, பாதுகாப்பிலும் புகை அளவிலும் இன்றைய வண்டிக்கு நிகராகாது.

ஆகவே இன்றைய வண்டிகள் இதனிடமிருந்து கற்க வேண்டியது இரைச்சலையும் ஒழுகலையும் அன்று; திறந்து பார்க்கவும், புரிந்துகொள்ளவும், சரிசெய்யவும் இடந்தரும் அமைப்பை. பழுதுநீக்கும் கையேடுகளையும் உதிரி உறுப்புகளையும் எல்லாப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளரின் கடமையாக வேண்டும். வாங்குவோரும் விலையையும் மைலேஜையும் விசாரிப்பதோடு நில்லாமல், தாம் வாங்கும் வண்டியைத் தம் ஊர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்க முடியுமா என்று கேட்டறிந்து வாங்குவது நன்று.