வளர்ப்பு விலங்கின் மரணமும் ஆயரின் ஆறுதலும்

பிறப்பு, திருமணம், நோய், மரணம் ஆகிய வேளைகளில் இறைமக்களோடு நிற்பதற்கு இறையியல் கல்லூரிகள் நம்மைப் பயிற்றுவிக்கின்றன. அடக்க ஆராதனை முறைமை நம் கையில் உள்ளது. துக்க வீட்டில் வாசிக்க வேண்டிய திருமறைப் பகுதிகளையும் நாம் அறிவோம். ஆனால், பதினான்கு ஆண்டுகள் வீட்டில் வாழ்ந்த நாய் இறந்துபோன செய்தியைச் சொல்லி, "ஐயா, அதற்கு ஆத்துமா உண்டா? அதை மறுபடியும் காண்போமா?" என்று சபையார் ஒருவர் கேட்கும்போது நம்மில் பலர் தடுமாறுகின்றோம். சிலர் சிரித்து மழுப்பி, வேறொரு குட்டியை வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிடுகின்றனர். வேறு சிலர், மோட்சத்தில் நிச்சயமாகக் காண்பீர்கள் என்று வாக்குக் கொடுத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் ஆயர் பணி ஆகா. திருமறை அளிக்கும் ஆறுதலைக் குறைக்காமலும் கூட்டாமலும் கொடுப்பதே நம் கடமை என்பதை இக்கட்டுரையில் விளக்க முயலுகின்றோம்.

1. திருவான்மியூர் தரும் சூழல்

இக்கேள்வி எழும் சூழலைச் சென்னையின் தென்பகுதியிலுள்ள திருவான்மியூரில் தெளிவாகக் காணலாம். நம் நாட்டின் விலங்கு நல வரலாற்றில் இவ்வூருக்குத் தனி இடம் உண்டு. இங்குள்ள கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க அவர் ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக, 1960ஆம் ஆண்டில் அரசே விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி 1962ஆம் ஆண்டில் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பிற்காலத்தில் அவ்வாரியத்தின் தலைமை அலுவலகம் அரியானா மாநிலத்திற்கு மாற்றப்படுமுன், பல ஆண்டுகள் திருவான்மியூர் வால்மீகி நகரிலேயே இயங்கிவந்தது. 1959ஆம் ஆண்டில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் சங்கமும் சென்னையில் பிறந்ததே.

இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். வள்ளலாரின் ஜீவகாருண்யத்தையும், கன்றிழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனின் கதையையும் கேட்டு வளர்ந்த மக்கள் நடுவே நம் திருச்சபை வாழ்கின்றது. "உங்கள் மார்க்கத்தில் விலங்குக்கு ஆத்துமா இல்லையாமே?" என்று அயலார் கேட்கும்போது, நம் மௌனமே நம் இறையியலாகக் கருதப்படும். திருச்சபைக்கு இதில் சான்று இல்லாமலும் இல்லை. 1824ஆம் ஆண்டில் லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் சென்றார்.

2. இழப்பின் தன்மை

நாய் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். சில அதனையும் கடக்கும். நன்கு பேணப்படும் பூனை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழலாம். கிளி இருபது ஆண்டுகளைத் தாண்டக்கூடும். ஆமையோ தன்னை வளர்த்தவரையே அடக்கம் செய்துவிட்டு வாழக்கூடியது. இத்துணை ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழும் விலங்கு, அவ்வீட்டின் காலக்கணக்கோடு இணைந்துவிடுகின்றது. மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது வந்த நாய், அவள் திருமணமாகி அயல்நாடு சென்ற பின்பும் வாசலில் படுத்திருக்கின்றது. தென்சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் கேட்டதற்காக வாங்கிய விலங்கே அங்கே கடைசியாக எஞ்சியிருக்கும். அதற்குச் சோறு வைப்பதும், மாலையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதுமே அவர்களுடைய நாளின் ஒழுங்கு. அது இறக்கும்போது ஒரு விலங்கோடு பிள்ளைகள் வளர்ந்த காலத்தின் கடைசிச் சாட்சியும் மறைகின்றது. ஆகவே, "நாய்தானே" என்று சொல்லுகின்றவர், எதை இழந்து அவர்கள் அழுகின்றார்கள் என்பதை அறியாமலேயே பேசுகின்றார்.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். இதனை அறியாமல் பல ஆண்டுகள் கிளி வளர்த்தவர்கள் அதனை வனத்துறையிடம் ஒப்படைக்க நேரிடுகின்றது. சட்டம் நியாயமானது, வானத்திற்குரியதைக் கூண்டில் வைத்தல் அன்பின் முழுமை அன்று. ஆயினும் அவர்களுடைய துக்கம் உண்மையானது. நியாயத்தை எடுத்துச் சொல்லவும், துக்கத்தைக் கேட்கவும் ஆயருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. திருமறை கூறுவது

(அ) ஒரே சொல், இரு மொழிபெயர்ப்பு

விலங்குக்கு ஆத்துமா இல்லை என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணமாகும். ஆதியாகமம் 2:7இல் கடவுளின் சுவாசத்தைப் பெற்ற மனிதன் "ஜீவாத்துமா" ஆனான் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு கூறுகின்றது. அதே நூல் 1:20, 24ஆம் வசனங்களில் நீரிலும் நிலத்திலும் தோன்றியவற்றை "ஜீவஜந்துக்கள்" என்று குறிப்பிடுகின்றது. தமிழில் இவை இரு வேறு சொற்கள். எபிரேயத்திலோ இரண்டு இடங்களிலும் "நெபெஷ் ஹய்யா" என்னும் ஒரே சொற்றொடரே உள்ளது. உயிருள்ளது, மூச்சுடையது, பசிப்பது, ஏங்குவது என்பதே அதன் பொருள். மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்னும் சிறப்பு ஆதியாகமம் 1:27ஆல் நிலைநாட்டப்படுகின்றது. "நெபெஷ்" என்னும் சொல்லால் அன்று. உடலை விட்டுத் தனியே வாழும் அழியா ஆத்துமா என்னும் கிரேக்கக் கருத்தை இச்சொல்லுக்குள் நுழைத்துவிட்டு, அது விலங்குக்கு உண்டா என்று கேட்பது திருமறையின் கேள்வி அன்று.

நீதிமொழிகள் 12:10 இதனை மேலும் விளக்குகின்றது. நீதிமான் தன் விலங்கின் "நெபெஷை" அறிகின்றான் என்பதே எபிரேய மூலத்தின் நேர்ப்பொருள். இதே சொற்கட்டு யாத்திராகமம் 23:9இலும் வருகின்றது. அங்கே, எகிப்தில் அந்நியராய் இருந்த இஸ்ரவேலர், அந்நியனின் "நெபெஷை" அறிந்தவர்கள் எனப்படுகின்றனர். அந்நியனின் உள்ளத்தை அறிவதற்கும், பேசமாட்டாத விலங்கின் உள்ளத்தை அறிவதற்கும் திருமறை ஒரே சொல்லைப் பயன்படுத்துவது நம் சிந்தனைக்குரியது.

(ஆ) உடன்படிக்கையில் பங்கு

வெள்ளத்திற்குப் பின் கடவுள் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதன்று. பேழையிலிருந்து வெளிவந்த உயிருள்ள யாவும் அதில் சேர்க்கப்பட்டன என்பதை ஆதியாகமம் 9:8-17 திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றது. ஓய்வுநாளின் இளைப்பாறுதலும் கால்நடைகளுக்கு உரியது (யாத்திராகமம் 20:10). நினிவே நகருக்குக் கடவுள் இரங்கியதற்கான காரணத்தைக் கூறும் யோனா நூலின் கடைசி வசனம், அந்நகரின் விலங்குகளைச் சொல்லியே முடிகின்றது.

(இ) நாத்தானின் ஆட்டுக்குட்டியும் பிலேயாமின் கழுதையும்

விலங்கினிடத்தில் கொண்ட குடும்ப அன்பை நேராகக் காட்டும் பகுதி 2 சாமுவேல் 12:1-6. ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் உணவில் உண்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கி, அவனுக்கு மகளைப் போல் இருந்தது. இவ்வுவமையைக் கேட்ட தாவீது நகைக்கவில்லை, சினந்து எழுந்தான். அரசனின் மனச்சான்றைத் துளைக்க நாத்தான் தேர்ந்த கருவி, வளர்ப்பு விலங்கை இழந்த ஒருவனின் துக்கமே. அத்துக்கம் அற்பமானது என்று கருதப்பட்டிருந்தால் அவ்வுவமை பயனற்றுப் போயிருக்கும்.

பஞ்சத்திலும் வேலையின்மையிலும் மனிதர் வாடும் நாட்டில் நாய்க்காக அழுவது செல்வரின் ஆடம்பரம் அன்றோ என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. அக்கேள்வியை நாம் மதிக்கின்றோம். ஆனால், உவமையில் மந்தைகளை உடைய செல்வனுக்கு ஆடு ஓர் எண்ணிக்கை. அன்பு ஏழையின் வீட்டில்தான் இருந்தது. இன்றும் உயர்சாதி நாய் வாழும் அடுக்குமாடி வீட்டில், பன்னிரண்டு ஆண்டுகள் அதற்குச் சோறு பிசைந்து வைத்தவரும், குளிப்பாட்டியவரும் பெரும்பாலும் வீட்டுவேலை செய்யும் பெண்ணே. நாய் இறந்தபின் வீட்டு உரிமையாளருக்கு ஆறுதல் சொல்ல நண்பர்கள் வருவர். அப்பெண்ணின் துக்கத்தை விசாரிப்பவர் யார்? அவரைத் தேடிச் செல்வது ஆயரின் கடமை.

எண்ணாகமம் 22:30இல் பிலேயாமின் கழுதை, தன் நெடுநாள் ஊழியத்தையே தன் நியாயமாக எடுத்துரைக்கின்றது. இத்தனை காலம் தன்மேல் ஏறி வந்தவன், தன்னை அறியாதவன்போல் அடிப்பது தகுமா என்பதே அதன் வாதம். பிலேயாம் அதனை மறுக்க முடியவில்லை. நீண்டகாலத் தோழமை உரிமையைத் தோற்றுவிக்கின்றது என்பதைத் திருமறை இங்கே ஒப்புக்கொள்ளுகின்றது.

திருமறையில் நாய் பெரும்பாலும் இழிவாகவே பேசப்படுகின்றது என்பதையும் மறைத்தல் ஆகாது. அக்காலத்துத் தெருநாய்களின் நிலையை அது காட்டுகின்றது. அதனைக் கொண்டு படைப்பைப் பற்றிய திருமறையின் முழுச் சான்றையும் தள்ளிவிடுதல் பொருந்தாது.

4. நம்பிக்கையின் எல்லை

இறந்த விலங்கை மறுபடியும் காண்போமா? மனிதரின் ஆவி மேலே ஏறுவதையும் விலங்கின் ஆவி கீழே இறங்குவதையும் அறிந்தவர் யார் என்று பிரசங்கி 3:21 கேள்வியாகவே விட்டுவிடுகின்றது. ரோமர் 8:19-22இலோ, படைப்பு முழுவதும் பிரசவ வேதனையோடு விடுதலைக்குக் காத்திருப்பதாகவும், கடவுளுடைய பிள்ளைகளின் மகிமையில் அது பங்குபெறும் என்றும் பவுலடியார் எழுதுகின்றார். கொலோசெயர் 1:20 கிறிஸ்துவின் சிலுவையால் யாவும் ஒப்புரவாக்கப்படுவதைக் கூறுகின்றது.

குதிரையின்மேல் நாடெங்கும் அலைந்து நற்செய்தி அறிவித்த ஜான் வெஸ்லி, 1781ஆம் ஆண்டில் "பொது விடுதலை" என்னும் அருளுரையை இந்த ரோமர் பகுதியின்மேல் எழுதினார். விலங்குகளும் மீட்டெடுக்கப்பட்டு மகிழ்ச்சியை அடையும் என்று அவர் போதித்தார். அவை முன்னிருந்த நிலையினும் உயர்த்தப்படலாம் என்பதை மட்டும் ஊகமெனக் குறித்தார். சி. எஸ். லூயிஸ் 1940இல் வெளியிட்ட துன்பத்தைப் பற்றிய நூலில், வீட்டு விலங்கு தன் எஜமானோடுள்ள உறவில் தன் தன்மையைப் பெறுவதால், அவ்வுறவின் வழியே நித்தியத்தில் பங்குபெறலாம் என்று எழுதினார். அவரும் இதனை ஊகமென்றே கூறினார். இக்கருத்தில் ஒரு குறை உண்டு. எஜமான் இல்லாத தெருநாய்க்கு அதில் இடமில்லை. ஆண்டவரோ, உரிமையாளர் எவருமற்ற அடைக்கலான் குருவிகளில் ஒன்றும் கடவுளால் மறக்கப்படுவதில்லை என்றார் (லூக்கா 12:6). விலங்கின் எதிர்காலம் நம் அன்பின்மேல் அன்று, படைத்தவரின் நினைவின்மேல் நிற்கின்றது.

ஆகவே, படைப்பின் மீட்பை நாம் துணிந்து அறிவிக்கலாம். ஒரு குறிப்பிட்ட நாயை அல்லது பூனையை அதே உருவில் காண்போம் என்று வாக்களிக்க நமக்கு அதிகாரம் இல்லை. அதனைக் காணமாட்டோம் என்று சொல்லவும் அதிகாரம் இல்லை.

5. ஆயர் பணிக்குச் சில குறிப்புகள்

முதலாவது, கேட்டல். விலங்கின் பெயரைக் கேட்டறிந்து அப்பெயரைச் சொல்லிப் பேசுதல் வேண்டும். அது எப்போது வீட்டிற்கு வந்தது என்று கேட்டால், அக்குடும்பத்தின் வரலாறே வெளிப்படும். வேறொன்றை வாங்கும்படி முதல் நாளிலேயே சொல்லுதல் ஆகாது.

இரண்டாவது, குற்றவுணர்வு. தீராத நோயில் துன்புற்ற முதிய விலங்கின் உயிரை மருத்துவர் ஊசியால் போக்கச் சம்மதித்தவர்கள், கொன்றுவிட்டோமே என்று நெடுநாள் வருந்துவர். வாழவைத்தலே கொடுமையாகும் நிலையிலுள்ள விலங்கைப் பற்றி 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் பேசுகின்றது. வேதனையை நீட்டிக்காதிருத்தல் இரக்கத்தின் செயலாகலாம் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். மனித உயிரைப் பற்றிய போதனையை இதனோடு குழப்பலாகாது. பாரமாகிவிட்டதென்று நலமுள்ள விலங்கை ஒழித்தலையோ, தெருவில் விடுதலையோ இதன் பெயரால் நியாயப்படுத்தவும் கூடாது.

மூன்றாவது, அடக்கம். முன்பு வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் குழி வெட்டினார்கள். அடுக்குமாடியில் வாழ்பவருக்கு ஒரு முழ மண்ணும் சொந்தமில்லை. எங்கே கொண்டுபோவது என்னும் திகைப்பே முதல் வேதனை. நம் ஊரில் உள்ள வழிகளை ஆயர் முன்னரே விசாரித்து வைத்திருத்தல் நலம். மனிதருக்கான அடக்க ஆராதனை முறைமையை விலங்குக்குப் பயன்படுத்தலாகாது. அது ஞானஸ்நானத்தையும் உயிர்த்தெழுதலையும் அறிக்கை செய்வது. ஆனால், 104ஆம் சங்கீதத்தை வாசித்து, அவ்வுயிரைத் தந்தவருக்கு நன்றி செலுத்தி, அதனை அவர் கரத்தில் ஒப்புவித்து ஜெபிக்கத் தடையேதும் இல்லை.

நான்காவது, சிறுவர். ஒரு பிள்ளை முதன்முதலாகக் காணும் மரணம் பெரும்பாலும் வளர்ப்பு விலங்கின் மரணமே. "தூங்குகிறது", "ஊருக்குப் போய்விட்டது" என்று பொய் சொல்லாதபடி பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும். இம்மரணத்தில் உண்மையைக் கேட்ட பிள்ளை, பின்னர் பாட்டியின் அடக்கத்திலும் நம் சொல்லை நம்பும்.

6. முடிவுரை

சிறிய துக்கத்தில் ஆயர் நகைத்ததைக் கண்டவர், பெரிய துக்கத்தில் அவரைத் தேடி வரமாட்டார். இதனால் இழக்கப்படுவது ஆயருக்கும் சபையாருக்கும் இடையிலுள்ள நம்பிக்கை. பதினான்கு ஆண்டுகள் வாசலில் காத்திருந்த ஓர் உயிருக்காக அழும் முதியவரிடம் நாம் சொல்லக்கூடியது இதுவே: கடவுள் அதனைப் படைத்தார்; தம் உடன்படிக்கையில் அதற்கும் இடம் கொடுத்தார்; அதன் மூச்சு அவரிடமிருந்து வந்தது; அவர் அதனை மறப்பதில்லை. இதற்கு மேல் வாக்களிக்க நமக்கு உத்தரவில்லை. இதற்குக் குறைவாகச் சொல்லவும் உரிமையில்லை.