பத்து ஆட்டத்துக்கு ஓர் அடி

அமெரிக்க பேஸ்பால் வீரர் கிரெய்க் பிஜியோ 1988 முதல் 2007 வரை ஆடிய ஆட்டங்கள் 2,850. பிட்சர் வீசிய பந்து அவர் உடம்பில் பட்ட தடவைகள் 285. வகுத்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. பத்து ஆட்டத்துக்கு ஓர் அடி, மீதி பூஜ்யம். இப்படிக் கச்சிதமாக வகுபடுவது தற்செயல்தான். ஆனால் 285 தற்செயலாக வந்ததல்ல. 1900க்குப் பிறகு ஆடத் தொடங்கியவர்களில் இவ்வளவு அடி வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

பேஸ்பால் ரசிகர்கள் ஒரு வீரரை எடைபோட வழக்கமாக மூன்று எண்களைப் பார்ப்பார்கள்: பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அவர் அடியால் அணிக்கு வந்த ரன். பிஜியோவுக்கு இவை முறையே .281, 291, 1,175. நல்ல எண்கள்தான், ஆனால் கண்ணை விரிய வைப்பவை அல்ல. புள்ளிவிவரப் பக்கத்தின் வலது ஓரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத சில பத்திகள் இருக்கின்றன. இவருடைய விசித்திரமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். சதுரத்தின் நான்கு மூலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை 90 அடி. பேட்டர் நிற்கும் மூலை ஹோம். பந்தை அடித்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக மொத்தம் 27 அவுட். இந்த 27தான் கையிருப்பு. அதைச் செலவழிக்காமல் எத்தனை பேரை பேஸில் நிறுத்த முடிகிறது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

பிஜியோ 1965இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஸ்மித்டவுனில் பிறந்தார். சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை 1987இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி புது வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. இருபது பருவங்களும் அதே அணிதான். சேரும்போது அவர் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் வேலை அது. ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்து எழ வேண்டும், முழங்கால் தேய்ந்துபோகும். இவரோ வேகமாக ஓடக்கூடியவர். அந்தக் காலைக் காப்பாற்ற நினைத்த நிர்வாகம் 1992இல் அவரை இரண்டாம் பேஸுக்கு மாற்றியது. மேட் கலான்டே என்ற பயிற்சியாளர் உடனிருந்து புது வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

பருவத்தின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 1991இல் கேட்சராகத் தேர்வானவர், 1992இல் செகண்ட் பேஸ்மேனாகத் தேர்வானார். இந்த இரண்டு இடங்களிலும் ஆல்-ஸ்டார் ஆன முதல் வீரர் அவரே. இரண்டு வேலைக்கும் உடலமைப்பு, கால் அசைவு, பார்வை எல்லாமே வேறு. அதோடு நிற்கவில்லை. 1994 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு வருடம், சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருதை இரண்டாம் பேஸில் வாங்கினார். 2003இல் இன்னொரு செகண்ட் பேஸ்மேனான ஜெஃப் கென்ட் அணிக்கு வந்ததும் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு சென்டர் ஃபீல்டுக்குப் போனார். கென்ட் போனதும் திரும்பி வந்தார்.

இனி அடிக்கு வருவோம். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அது பேட்டர் மேல் பட்டால், அவர் அடிக்காமலேயே முதல் பேஸுக்குப் போகலாம். விலக முயன்றிருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. முயன்றாரா இல்லையா என்று தீர்மானிப்பது அம்பயர்.

பிஜியோ ஹோம் தட்டை ஒட்டி நிற்பவர். இடது முழங்கையில் பெரிய கவசம் கட்டியிருப்பார். உள்பக்கமாக வரும் பந்துக்கு அவர் விலகுவதைவிட அந்த முழங்கை கொஞ்சம் தாழ்வதுதான் அதிகம் என்று எதிரணிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கவசம் இல்லாவிட்டால் இந்தச் சாதனையும் இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பந்து கவசத்தைத் தேடிப்பிடித்து வந்து படுவதில்லை. முதுகு, விலா, தொடை, பாதம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இத்தனை பட்டும் பிட்சரை அடிக்க ஒரு தடவையும் ஓடியதில்லை என்ற பெயர் அவருக்கு உண்டு. பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டு முதல் பேஸுக்கு நடந்துவிடுவார்.

2005 ஜூனில் கொலராடோவின் பியுங்-ஹியுன் கிம் வீசிய பந்து பட்டபோது அது 268ஆவது அடி. டான் பேய்லர் வைத்திருந்த 267 என்ற நவீனகாலச் சாதனை அன்று முறிந்தது. அதற்கு மேலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆடிய ஹியூயி ஜென்னிங்ஸ் இருக்கிறார், 287 அடிகளோடு. அவர் ஆடியது 1,300க்கும் குறைந்த ஆட்டங்கள். 1896இல் மட்டும் 51 அடி. பிஜியோ இரண்டு அடி குறைவாக ஓய்வுபெற்றார். கடைசிப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. ஒரே பருவத்தில் அதிக அடி என்ற நவீனகாலச் சாதனை மான்ட்ரியால் அணியின் ரான் ஹண்டுக்கு உரியது: 1971இல் 50. அவரும் செகண்ட் பேஸ்மேன்தான்!

இந்த அடிகளால் என்ன லாபம்? பேட்டிங் சராசரியில் இவை சேராது. அடித்து பேஸுக்குப் போனது, அதாவது ஹிட், 3,060 தடவை. பிட்சர் மோசமாக வீசியதால் நடந்து போனது 1,160. அடிபட்டுப் போனது 285. மூன்றையும் கூட்டினால் 4,505. ஆக, அவர் அவுட் ஆகாமல் பேஸில் நின்ற தடவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவருடைய சராசரியில் கண்ணுக்கே தெரிவதில்லை.

எனக்கு 285ஐவிடப் பிடித்த எண் வேறு ஒன்று: பூஜ்யம்.

1997 பருவத்தில் அணியின் 162 ஆட்டங்களிலும் பிஜியோ ஆடினார். 744 தடவை பேட் பிடித்தார். அந்த 744இல் ஒரு தடவையும் தரையோடு அடித்து டபுள் ப்ளேயில் சிக்கவில்லை.

டபுள் ப்ளே என்பது ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் ஆவது. கிரிக்கெட்டில் ஒரு விக்கெட் விழுந்ததும் பந்து செத்துவிடும். பேஸ்பாலில் அது செத்துப்போவதில்லை. முதல் பேஸில் ஓர் ஆள் நிற்கும்போது பேட்டர் தரையில் உருளும் பந்தாக அடித்தால், ஃபீல்டர் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிவார். அங்கே ஓடி வரும் ஆள் அவுட். அங்கிருப்பவர் பாதி திரும்பியபடியே முதல் பேஸுக்கு எறிவார், பேட்டரும் அவுட். 27 கையிருப்பில் இரண்டு ஒரே நொடியில் போய்விடும். தினமும் ஆடும் பேட்டர் ஒரு பருவத்தில் பத்து, பதினைந்து முறை இதில் மாட்டுவது சாதாரணம். பாஸ்டனின் ஜிம் ரைஸ் 1984இல் 36 முறை மாட்டினார். ஆல்பர்ட் புஹோல்ஸ் தன் ஆட்ட வாழ்க்கையில் 400 முறைக்கு மேல் மாட்டியவர். இரண்டு பேரும் மகத்தான பேட்டர்கள். பலமாக அடிப்பவருடைய பந்து ஃபீல்டரிடம் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிஜியோவின் பூஜ்யத்துக்குச் சில காரணங்கள் உண்டு, எல்லாம் அவருடைய சாமர்த்தியம் அல்ல. அவர் பெரும்பாலும் முதல் பேட்டர். ஆட்டத்தின் முதல் பந்துக்கு பேஸில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே டபுள் ப்ளேக்கு வழியே இல்லை. அப்போது ஆஸ்ட்ரோஸ் இருந்த நேஷனல் லீகில் பிட்சர்களும் பேட் பிடித்தார்கள், வழக்கமாக ஒன்பதாவது ஆளாக. பேட்டிங்கில் பலவீனமான அவர்கள் பேஸில் நிற்பது அபூர்வம். எனவே அடுத்து வரும் பிஜியோவுக்கு முன்னால் முதல் பேஸ் பெரும்பாலும் காலியாகவே இருந்திருக்கும். இந்தச் சலுகைகள் முதல் பேட்டர்கள் எல்லோருக்கும் கிடைப்பவைதான். ஆனால் அவர்களும் வருடத்துக்குச் சில முறையாவது மாட்டுகிறார்கள். போதாக்குறைக்கு இவர் வலதுகைக்காரர். இடதுகை பேட்டரைவிட முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு தள்ளி நிற்பவர். மீதியைச் செய்தது கால். அந்த வருடம் 47 பேஸ்களைத் திருடிய கால் அது. அடிக்காகக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதுதான் திருட்டு. எறிந்த பந்து வருவதற்குள் கடைசி ஓரடியை எட்டிவிடும் ஓட்டம், சின்ன உருளலுக்கும் தளராமல் ஓடும் பழக்கம், கொஞ்சம் அதிர்ஷ்டம்.

பருவத்தின் எல்லா ஆட்டங்களிலும் ஆடி இந்தப் பூஜ்யத்தைத் தொட்டவர் அவருக்கு முன் ஒருவர் உண்டு. சிகாகோ கப்ஸ் அணியின் ஆகி கேலன், 1935இல், 154 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில். ஒரு வேடிக்கை, கேலன் அந்த வருடம் டபுள் ப்ளேயில் மாட்டவில்லையே தவிர மூன்று பேர் அவுட் ஆகும் ஒரு டிரிபிள் ப்ளேயில் மாட்டியிருந்தார்.

அதே 1997இல் பிஜியோ 34 முறை அடிபட்டார், 84 முறை நடந்தார், 146 ரன் எடுத்தார். நேஷனல் லீகில் 1932க்குப் பிறகு அதுவரை யாரும் அத்தனை ரன் எடுத்ததில்லை. இருந்தும் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் நான்காவதாகத்தான் வந்தார். புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் இதைப் பொறுக்கவில்லை. ஓரத்துப் பத்திகளையும் கூட்டிப் பார்த்து, 2001இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் பிஜியோவை எல்லாக் காலத்துக்குமான செகண்ட் பேஸ்மேன்களில் ஐந்தாவதாகவும், எல்லா வீரர்களிலும் 35ஆவதாகவும் வைத்தார். என் கணக்கில் 35 கொஞ்சம் தாராளம். ஜேம்ஸ் அதை எழுதியது பிஜியோவின் உச்சத்தைப் பார்த்த கையோடு. பின்னால் வந்த சரிவான வருடங்கள் அதில் சேரவில்லை. கடைசிப் பருவத்தில் சராசரி .251க்கு இறங்கியிருந்தது.

சரிவு தொடங்கிய நாளும் தெரியும்: 2000 ஆகஸ்ட் 1. அதுவரை காயத்துக்காக ஒருமுறைகூட விடுப்புப் பட்டியலில் சேராதவர். அத்தனை பிட்சர்களின் பந்தும் செய்யாததை ஒரு சறுக்கல் செய்தது. இரண்டாம் பேஸில் நின்று டபுள் ப்ளேயை முடிக்கப் போனபோது, அதைத் தடுக்கச் சறுக்கி வந்த ஃபுளோரிடா வீரர் பிரெஸ்டன் வில்சன், ஊன்றியிருந்த அவருடைய இடது காலில் மோதினார். முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அந்தப் பருவம் முடிந்தது. பழையபடி பேஸ் திருடும் வேகம் திரும்பவேயில்லை.

ஓய்வுக்குப் பின், பேஸ்பாலின் மகத்தானவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வாசலிலும் எண்களே விளையாடின. உள்ளே போக 75 சதவீத வாக்கு வேண்டும். 2013இல் 68.2 சதவீதத்தோடு பட்டியலில் முதலிடம். ஆனால் அந்த வருடம் வாக்கெடுப்பில் யாருமே தேறவில்லை. 2014இல் 571 பேர் வாக்களித்தார்கள், 429 தேவை, கிடைத்தது 427. இரண்டு வாக்கில் நழுவியது. 2015இல் 82.7 சதவீதம் பெற்று உள்ளே போனார். ஆஸ்ட்ரோஸ் தொப்பியோடு அங்கே இடம்பெற்ற முதல் வீரர் அவர்.

இன்னும் ஒரு பத்தி பாக்கி: டபுள். அடித்துவிட்டு இரண்டாம் பேஸ் வரை ஓடிவிடுவது. பிஜியோவுக்கு 668. ஓய்வுபெற்றபோது அது எல்லாக் காலத்திலும் ஐந்தாவது இடம், வலதுகை பேட்டர்களில் முதலிடம். பின்னாளில் புஹோல்ஸ் முந்தினார். பாதி வாழ்க்கையை அவர் ஆடிக் கழித்த ஆஸ்ட்ரோடோம் பெரிய மைதானம், ஹோம் ரன் எளிதில் வராது. செயற்கைப் புல் தரையில் பந்து ஃபீல்டர்களைத் தாண்டி விரைந்து உருளும். டபுளுக்கு ஏற்ற இடம். 1998இல் 51 டபுளும் 50 திருட்டும் ஒரே பருவத்தில். 1912இல் டிரிஸ் ஸ்பீக்கருக்குப் பிறகு இரண்டிலும் ஐம்பதைத் தொட்டவர் அவர்தான். 3,000 ஹிட், 600 டபுள், 400 திருட்டு, 250 ஹோம் ரன் நான்கையும் எட்டியவர் பேஸ்பால் வரலாற்றில் இவர் ஒருவரே.

அந்த மூவாயிரமாவது ஹிட் 2007 ஜூன் 28 அன்று ஹூஸ்டனில், கொலராடோவின் ஆரன் குக் வீசிய பந்தில் வந்தது. சென்டர் பக்கம் அடித்தார். முதல் பேஸில் நின்றிருந்தாலே வரலாறு; ஆட்டத்தை நிறுத்திக் கொண்டாட எல்லோரும் தயாராக இருந்தார்கள். 41 வயதுக்காரர் நிற்கவில்லை, இரண்டாம் பேஸுக்கு ஓடினார். பந்து முந்திக்கொண்டது, அவுட். பதிவேட்டில் அது சிங்கிள்தான், அதாவது முதல் பேஸ் வரைக்குமான அடி. அன்று மாலை 2,997இல் தொடங்கியவர் அதோடு விடாமல் இன்னும் இரண்டு அடித்தார். ஐந்தாவது ஹிட் 11ஆவது இன்னிங்ஸில் வந்தது. தொடர்ந்து பேஸ்கள் நிறைந்து, கார்லோஸ் லீயின் ஹோம் ரனில் அணி 8-5 என்று ஜெயித்தது.