மௌனத்தால் அறும் தொடர்பு

தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தாம்பரத்தில் ஏறி இடம்பிடித்தவர், தேநீர் அருந்த இறங்கினால் இருக்கையில் ஒரு துண்டைப் போட்டுச் செல்வார். துண்டு இல்லையேல், அவர் வரமாட்டார் என்று கருதி வேறொருவர் அமர்ந்துவிடுவார். கணினித் தொடர்பும் இத்தகையதே.

மேற்குத் தாம்பரத்தில் என் பழைய மாணவர் ஒருவர் கணக்கு அலுவலகம் நடத்துகிறார். அங்குள்ள இளம் எழுத்தர் நண்பகல் உணவு முடித்து வரும்போதெல்லாம், அவருடைய கணினிக்கும் கணக்குகள் உள்ள தலைமைக் கணினிக்கும் இடையேயான தொடர்பு அறுந்திருக்கும். ஒருநாள், முற்பகலில் எழுதிச் சேமிக்காதிருந்த கணக்கு அழிந்தது. "கவனக்குறைவுதான், ஐயா, வேறு ஆள் பார்க்க வேண்டும்" என்றார் மாணவர். "தீர்ப்புக்கு முன் சோதனை வேண்டாமா?" என்றேன். நான் கணினி வல்லுநன் அல்லேன், விஞ்ஞானம் கற்பித்தவன்.

முதலில் காலத்தை அளந்தோம். கணினியைப் பத்து நிமிடம் வாளா விட்டபோது தொடர்பு நிலைத்தது. இருபது நிமிடத்தில் அறுந்தது. கம்பி பழுதாயின் வேலை நடக்கும்போதும் அறுமன்றோ? ஆகவே, எங்கோ ஒரு கடிகாரம் ஓய்வை எண்ணுகிறது என்று துணிந்தோம்.

அக்கடிகாரம் மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, மின்சாரத்தைச் சேமிக்க உறங்கச் செல்லும் அதே கணினி. இரண்டு, தலைமைக் கணினி. விண்டோஸ் முறையில் 15 நிமிடம் பேசாத தொடர்பை அது துண்டிப்பது இயல்பான ஏற்பாடு. மூன்று, இடையிலுள்ள ரவுட்டர். நெடுநேரம் செய்தி செல்லாத தொடர்பை அது மறந்துவிடும்.

எது என்று அறிவது எப்படி? ஓய்ந்திருந்த கணினியை மற்றொரு கணினியிலிருந்து 'பிங்' என்னும் கட்டளையால் அழைத்தோம். மறுமொழி வந்திருந்தால் மற்ற இரண்டையும் ஐயுற்றிருப்போம். மறுமொழி வரவில்லை; கணினியே உறங்கியிருந்தது! உறக்க நேரத்தை நீட்டினோம்; வலையட்டையை அணைக்கும் அனுமதியையும் நீக்கினோம். அன்றுமுதல் தொடர்பு அறவில்லை.

ரயில் துண்டைப் போன்ற அடையாளம் கணினி உலகிலும் உண்டு. 'இருக்கிறேன்' என்று அவ்வப்போது சொல்லும் சிறு செய்தியே அது. ஆயினும், 1989இல் வகுத்த இணைய விதி அதன் இயல்பான இடைவெளியை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தது. அதற்குள் மறந்துவிடும் ரவுட்டர்கள் உண்டு. அங்கே இடைவெளியைக் குறைத்தல் வேண்டும்.

எழுத்தர் தம் பணியில் நீடிக்கிறார். எழுந்து செல்லுமுன் கணக்கைச் சேமிக்கவும் பழகிக்கொண்டார். மாணவர்களே, பழுது நேர்ந்தால் ஆளைத் தேடாதீர், காரணத்தைத் தேடுவீர்.